மேலே போகப் பத்துத் தெத்ரி

மெட்ரோ முடிகிற இடத்தோடு
திபிலீசியும் முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு.
கல்தானி அதற்கு அப்புறம்தான்.

பதினாறு மாடி, பதினாறு மாடி, பதினாறு மாடி.
பணம் வந்த வருஷத்தில் ஒருவர்
பால்கனிக்கு வெளியே ஓர் அறை இழுத்துக் கட்டினார்.
தளம்தான் தயாராக இருக்கிறதே என்று
மேல்வீட்டுக்காரர் அதன்மேல் தன் அறையை வைத்தார்.
இப்போது நாலு சமையலறைகள்
அந்தரத்தில் நின்று உருளைக்கிழங்கு வறுக்கின்றன.
ஒன்றும் விழவில்லை.
இதுவரை.

இங்கே இறங்குவது இலவசம்.
ஏறுவதற்குத்தான் காசு.
லிஃப்டுக்குள் ஓர் இரும்புப் பெட்டி,
அதற்குப் பத்துத் தெத்ரி போட்டால்
ஒருமுறை இருமிவிட்டுப் புறப்படும்.

அந்தப் பெட்டிகளைத் திறப்பவன் நான்.
எழுபத்தோரு கட்டடம், ஒரு சாவிக்கொத்து, ஒரு துணிப்பை.
சம்பளச் சீட்டில் இருப்பது வேறு பெயர்,
பிள்ளைகளுக்கு நான் சில்லறை நுக்சார்.

காசை வைத்து ஆளைச் சொல்லிவிடுவேன்.
மாவு ஒட்டியிருந்தால் ரொட்டிக்கடை ஜுஜுனா.
டீசல் வாடை அடித்தால் மினிவேன் ஓமாரி.
ஒரு மாதம் துருக்கிக் காசு ஒன்று கிடந்தது.
யாரோ வீடு திரும்பிவிட்டார்கள் என்று
காரணமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

அறுபத்து மூன்றாம் எண்ணில் மட்டும்
வாஷர்கள்.
நடு ஓட்டையை ஈயத்தால் அடைத்து
விளிம்பை அரம்கொண்டு ராவி
எடைகூடப் பிசகாமல்,
மாதம் முப்பதுக்குக் குறையாது.
கணக்கில் 'இயந்திரக் கோளாறு' என்று எழுதினேன்.
இரண்டு வருஷமாக அந்த இயந்திரத்துக்குக்
கோளாறு தீரவில்லை.

யாரென்று தேடாமலா இருந்தேன்?
தேடினேன்.
ஓமாரியின் நகங்களைக்கூடப் பார்த்தேன்.
கண்டுபிடித்தால் எழுதிக் கொடுக்க வேண்டும்
என்ற நினைப்பு வந்த அன்று
தேடுவதை விட்டேன்.

ஜனவரி. சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டு.
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்
மின்சாரம் போனது.
லிஃப்டில் நான் மட்டும்,
மடியில் ஊர்ச் சில்லறை.

தட்டினேன். கத்தினேன்.
கதவிடுக்கில் மெழுகுவர்த்தி வெளிச்சம் ஒரு நூல் தெரிந்தது.
"யாரது உள்ளே?"
"நுக்சார்."
"எந்த நுக்சார்?"
சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன்.
வெளியே கொஞ்ச நேரம் மௌனம்,
அப்புறம் ஒரு சிரிப்பு,
அது மாடிப்படி வழியே
கீழே நாலு தளம் போய்த் திரும்பி வந்தது.
"காசு போட்டாயா?" என்று யாரோ கேட்டார்கள்.
யாரோ ஒருத்தி ரொட்டியைத் தட்டையாக அமுக்கி
இடுக்கில் தள்ளினாள்.
பாதி வந்தது. மீதி அந்தப் பக்கமே நின்றது.

எல்லோரும் போன பிறகு
தரையோடு ஒரு சின்னக் குரல்.
ஒன்பதாம் மாடி எலீசோவின் மகள்,
தேக்லா, ஆறு வயசிருக்கும்.
"மாமா, இதைப் போட்டுப் பார்.
இது எப்பவும் வேலை செய்யும்.
அம்மா நிறைய வைத்திருக்கிறாள்."

இடுக்கு வழியே உருண்டு வந்து
என் பூட்ஸில் மோதிச் சாய்ந்தது.
எடுத்துப் பார்க்கத் தேவையில்லை.
விரலுக்குத் தெரியும்.

எலீசோவை நான் அறிவேன்.
ராத்திரி ஆஸ்பத்திரித் தரை துடைப்பவள்,
பார்த்த இடத்தில் முதலில் வணக்கம் சொல்பவள்.
அரம் அவள் கையில்
என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

போட்டேன்.
குழந்தை காத்திருக்கிறதே.
பெட்டிக்குள் டங்கென்று விழுந்தது.
லிஃப்ட் அசையவில்லை.
"இரு, சூடாகணும்" என்றாள் தேக்லா
மெக்கானிக் மாதிரி.

நாற்பது நிமிஷம் பேசிக்கொண்டிருந்தோம்.
அவளுக்குப் பூனை வேண்டுமாம்.
அம்மா நாய்தான் என்கிறாளாம்.
நான் பூனை பக்கம்.

விளக்கு வந்தது.
லிஃப்ட் இருமியது.
"பார்த்தாயா!" என்றாள்.
பார்த்தேன் என்றேன்.

அந்த மாதம் அறுபத்து மூன்றாம் எண்:
காசு இருநூற்றுப் பதினான்கு,
இயந்திரக் கோளாறு முப்பத்தொன்று.
ஒன்றை அடித்து முப்பதாக்கினேன்.
அது எனக்காகப் போட்டது,
கம்பெனிக்கு அதில் பங்கில்லை.